முன்னவர் மேல் பழி: அமெரிக்க ஆட்சி மாற்றங்களும் ஒரு தாயின் கண்டனமும்

ஆட்சிக்கு வந்தவர், நாட்டின் இன்றைய கேட்டுக்கெல்லாம் முன்பு ஆண்டவரே காரணம் என்று சொல்வது தேர்தல் அரசியலின் பழைய வழக்கம். அந்தப் பேச்சை எதுவரை, எத்தனை காலம் ஏற்கலாம் என்ற கேள்விக்கும் ஏறக்குறைய அதே வயது. அமெரிக்காவில் இந்தக் கேள்வி ஒரு குறிப்பிட்ட குரலில் திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறது. நாட்டுப்பற்றோடு பிள்ளை வளர்த்த, சில வேளை அந்தப் பிள்ளையைப் படைக்கும் அனுப்பிய தாயின் குரல் அது. செய்த காரியத்துக்கு நீயே பொறுப்பேற்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிக் கொடுத்ததை, நாட்டின் தலைமைப் பதவியில் இருப்பவர் கடைப்பிடிக்கவில்லையே என்பது அவள் குறை.

குறை எளியது. அதற்கு இதுவரை சொல்லப்பட்டுள்ள பதில்கள் அவ்வளவு எளியவையல்ல. அறவியல் ஒரு விடை சொல்கிறது. பொருளியல் அதை மறுக்கிறது. தேர்தல் ஆய்வாளர்கள் வாக்காளரின் கணக்கையே சந்தேகிக்கிறார்கள். நிர்வாகவியல் அறிஞர்கள் பழி சுமத்துவதைத் தொழில்நுட்பமாகவே ஆராய்கிறார்கள். இந்த விடைகள் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தன, எங்கே தளர்கின்றன என்று பார்க்க அமெரிக்க அதிபர் ஆட்சியே வசதியான களம். நாலாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடந்து, மாற்றம் வரும்போது பதவி ஒரே ஆளிடமிருந்து இன்னோர் ஆளிடம் போவதால் பழியின் முகவரி அங்கே தெளிவாக இருக்கிறது.

தாய்க்கு அந்த உரிமை வந்த வழி

அமெரிக்கக் குடியரசு பிறந்த காலத்தில் பெரும்பாலான மாநிலங்களில் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. ஆனால் குடியரசு நிலைக்க நல்ல குடிமக்கள் வேண்டும், அவர்களை உருவாக்குபவர்கள் தாய்மார்கள், ஆகவே தாய்மார்களுக்குக் கல்வி வேண்டும் என்ற வாதம் எழுந்தது. பிலடெல்பியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 1787இல் பெண்கல்வி பற்றி ஆற்றிய உரை அதன் தொடக்க வடிவங்களுள் ஒன்று. வரலாற்றாசிரியர் லிண்டா கெர்பர் 1976இல் இந்தக் கருத்தோட்டத்துக்குக் 'குடியரசுத் தாய்மை' என்று பெயரிட்டு ஆராய்ந்தார். வாக்குச்சாவடிக்குப் போக முடியாதவள் வாக்களிப்பவனை வளர்க்கிறாள். அதனால் அரசியலை ஒழுக்கத்தின் பக்கமிருந்து கண்டிக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்ற எண்ணம் அங்கேதான் வேர்விட்டது.

முதல் உலகப்போர் அந்த உரிமைக்கு வேறொரு எடை சேர்த்தது. போரில் பிள்ளையை இழந்த அன்னையர் 1928இல் 'தங்க நட்சத்திர அன்னையர்' என்ற அமைப்பைத் தொடங்கினர். ஐரோப்பாவில் இருந்த கல்லறைகளுக்கு அவர்களை அரசுச் செலவில் அழைத்துச் செல்ல 1929இல் சட்டம் வந்தது. 1930 முதல் 1933 வரை ஆயிரக்கணக்கானோர் போய்வந்தனர். கறுப்பின அன்னையர் தனிக் கப்பல்களில் அனுப்பப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தியாகத்தை மதித்த அதே அரசு தியாகம் செய்தவர்களையும் தரம் பிரித்தது.

இந்தக் குரல் எந்தக் கட்சிக்கும் நிலையான சொத்தாக இருந்ததில்லை. இரண்டாம் உலகப்போருக்குச் சற்று முன் ரூஸ்வெல்ட்டைச் சாடிய தீவிர வலதுசாரி அன்னையர் குழுக்கள் இருந்தன. அவற்றுள் சில யூத வெறுப்பையும் பரப்பின. 1967இல் வியட்நாம் போருக்கு எதிராக எழுந்த தாய்மார் இயக்கம் இடதுசாரிப் பக்கம் சாய்ந்தது. ஈராக்கில் மகனைப் பறிகொடுத்த சிண்டி ஷீஹான் 2005 ஆகஸ்ட்டில் டெக்சாஸ் மாநிலம் கிராஃபோர்டில், அப்போதைய அதிபர் இளைய ஜார்ஜ் புஷ்ஷின் பண்ணை வீட்டருகே முகாமிட்டார். 2007இல் போருக்கான நிதியை நிறுத்தத் தவறியதாக ஜனநாயகக் கட்சியையும் அதே கடுமையோடு சாடினார். 2010 இடைக்காலத் தேர்தலில் குடியரசுக் கட்சியின் சாரா பேலின், குட்டிகளைக் காக்கச் சீறும் தாய்க்கரடிகள் என்று பழைமைவாதத் தாய்மாரை அழைத்து ஒபாமாவுக்கு எதிராகத் திரட்டினார்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. தாயின் கண்டனம் கட்சிக்கு அப்பாற்பட்டது என்ற எண்ணத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தான் வாக்களிக்காத தலைவர் முன்னவரைக் குறை சொன்னால் அது சாக்கு, வாக்களித்தவர் சொன்னால் அது உண்மை நிலவரம் என்று தோன்றும் பலவீனம் தாய்மாருக்கும் உண்டு. ஷீஹானைப் போல இரண்டு கட்சியையும் ஒரே அளவுகோலால் அளந்தவர்கள் குறைவு. அப்படி அளந்த பிறகு அவரைச் செய்தியாளர்கள் தேடி வந்ததும் குறைந்துவிட்டது.

ஹூவரின் நீண்ட நிழல்

முன்னவர் மேல் பழி என்பதை அமெரிக்காவில் ஒரு முழுத் தேர்தல் கருவியாக மாற்றியது 1930களின் பெருமந்தம். 1929 மார்ச்சில் பதவியேற்ற ஹெர்பர்ட் ஹூவர், ஏழே மாதத்தில் பங்குச்சந்தை வீழ்ச்சியைச் சந்தித்தார். வீடிழந்தவர்கள் தகரத்தாலும் அட்டையாலும் கட்டிக்கொண்ட குடிசைப் பகுதிகளுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. ஜனநாயகக் கட்சியின் விளம்பரப் பொறுப்பாளர் சார்ல்ஸ் மைக்கேல்சன் அந்த ஒட்டுதல் கலையாமல் பார்த்துக்கொண்டார். ஹூவர் பதவி இழந்து பதினைந்து ஆண்டுக்குப் பின், 1948 தேர்தலிலும் ஹாரி ட்ரூமன் ஹூவர் காலத்தை நினைவூட்டித்தான் வாக்குக் கேட்டார். அதே ட்ரூமன் அதற்கு முந்தைய ஆண்டு ஹூவரை அழைத்து அரசு நிர்வாகச் சீரமைப்புக் குழுவின் தலைவராக்கியிருந்தார். மேடையில் வைத வாய் அலுவலகத்தில் யோசனை கேட்டது.

ஹூவர் தரப்புக்கும் சொல்ல இருந்தது. 1952இல் வெளிவந்த நினைவுக் குறிப்பின் மூன்றாம் தொகுதியில் அவர், 1920களின் எளிதான கடன் கொள்கையையும் ஐரோப்பாவின் நிதிக் குலைவையும் காரணமாகக் காட்டினார். மந்தத்தை நீட்டித்தவர் ரூஸ்வெல்ட் என்று பின்னவர் மேலும் பழி போட்டார். ஆனால் 1932இல் 1920களின் கொள்கையை அவரால் உரக்கக் குறை சொல்ல முடியவில்லை. அவருக்கு முன் ஆண்ட கூலிட்ஜ் அவரது கட்சிக்காரர். அந்த அமைச்சரவையில் ஹூவரே வணிகத் துறையைக் கவனித்தவர். முன்னவரைக் குறை சொல்லும் வசதி எதிர்க்கட்சியிலிருந்து வந்தவருக்கே கிடைக்கிறது. ரீகனுக்குப் பின் வந்த மூத்த புஷ்ஷும் இதே இக்கட்டில் சிக்கினார். சேமிப்பு-கடன் நிறுவனங்களின் திவாலும் பெருத்த பற்றாக்குறையும் தம் தலையில் விழுந்தபோது, தாமே துணை அதிபராக இருந்த ஆட்சியைக் கைகாட்ட அவருக்கு வழியில்லை. ஒரு கேட்டின் உண்மைக் காரணம் எதுவாயினும் அது பொதுவெளியில் பேசப்படுவது கட்சி மாற்றத்தைப் பொறுத்தே அமைகிறது என்பது இந்த வரலாறு தரும் முதல் எச்சரிக்கை.

1932 நவம்பரில் தேர்தல் முடிந்து 1933 மார்ச் 4 அன்று ரூஸ்வெல்ட் பதவியேற்கும் வரை இருந்த நான்கு மாதம் இன்னும் நுணுக்கமான சிக்கலைக் காட்டுகிறது. வங்கிகள் அடுத்தடுத்து மூடப்பட்ட அந்த நாட்களில் கூட்டாக அறிக்கை விடலாம் என்று ஹூவர் கேட்டார், ரூஸ்வெல்ட் மறுத்தார். அதிகாரம் இல்லாமல் பொறுப்பை மட்டும் பங்கிட அவர் விரும்பவில்லை என்பது ஒரு விளக்கம். நிலைமை முற்ற விட்டுவிட்டு வந்தால் முன்னவர் பெயர் முழுதாகக் கெடும் என்று கணக்குப் போட்டார் என்பது ஹூவர் ஆதரவாளர்களின் விளக்கம். எது சரி என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் உடன்படவில்லை. பதவியேற்பு நாளை ஜனவரி 20க்கு முன்னே கொண்டுவந்த இருபதாம் சட்டத்திருத்தம் அந்த இடைவெளியைக் குறைத்தது, தகராறைத் தீர்க்கவில்லை.

பொறுப்பை ஏற்போர் கட்சி

தாயின் கண்டனத்துக்கு மிக அருகில் நிற்கும் கோட்பாடு, பதவியோடு பொறுப்பும் முழுமையாக மாறிவிடுகிறது என்பது. ட்ரூமனின் மேசைமேல் இருந்த, பொறுப்பு இதற்கு மேல் வேறு யாரிடமும் போகாது என்ற பொருளுடைய பலகை அதன் சின்னமாகிவிட்டது. ஓக்லஹோமா மாநிலத்துச் சீர்திருத்தச் சிறையொன்றில் செய்யப்பட்ட அந்தப் பலகை 1945இல் அவருக்குப் பரிசாக வந்தது. மூன்று ஆண்டுக்குப் பின் ஹூவரைக் காட்டி வாக்குக் கேட்டவரும் அந்த மேசைக்காரரே என்பது இந்தக் கோட்பாட்டின் நடைமுறை நிலையைச் சொல்லும்.

இதைவிட வலுவான சான்று 1961 ஏப்ரலில் கியூபாவின் பன்றி விரிகுடாவில் நடந்தது. அமெரிக்க உளவுத்துறையின் பயிற்சி பெற்ற சுமார் 1,400 கியூப அகதிகள் கரையிறங்கித் தோற்றனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். திட்டம் ஐசனோவர் காலத்தில், 1960 மார்ச்சில் ஒப்புதல் பெற்றது. ஜான் கென்னடியின் அமைச்சர் ஸ்டூவர்ட் யூடால் இதைத் தொலைக்காட்சியில் சுட்டிக்காட்டியபோது, பொறுப்பு முழுவதும் தம்முடையதே, அதை வேறெவர் மேலும் தள்ள வேண்டாம் என்று கென்னடி வெள்ளை மாளிகை வழியாக அறிவித்தார். அதன்பின் கேலப் கருத்துக்கணிப்பில் அவருக்கு ஆதரவு 83 விழுக்காடாக உயர்ந்தது. பொறுப்பேற்றால் மக்கள் மன்னிப்பார்கள் என்று வாதிடுவோர் அனைவரும் எடுத்துக்காட்டும் எண் இது.

அந்த எண்ணை அளவோடு பயன்படுத்துவது நல்லது. வெளிநாட்டு நெருக்கடி வந்தால் அதிபரைச் சுற்றி மக்கள் திரள்வது அமெரிக்காவில் வழக்கம். 83இல் எவ்வளவு பொறுப்பேற்றதற்கு, எவ்வளவு அந்தத் திரளலுக்கு என்று பிரித்தறிய முடியாது. கென்னடி ஆட்சிக்கு வந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. யார் காலத்துத் திட்டம் என்பது யூடாலின் பேச்சால் வெளியே தெரிந்திருந்தது. முன்னவரைக் குறை சொல்லாமலேயே முன்னவர் மேல் குறை போய்ச் சேர்ந்திருக்கலாம். உளவுத்துறைத் தலைவர் ஆலன் டல்லஸ் அந்த ஆண்டு முடிவதற்குள் பதவியிலிருந்து போனார் என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

1969 நவம்பர் உரையில் ரிச்சர்ட் நிக்சன் இதே நிலைப்பாட்டின் வேறொரு முகத்தைக் காட்டினார். வியட்நாமிலிருந்து உடனே படையைத் திருப்பி, தோல்வியை முன்னவர் ஜான்சன் மேல் போட்டுவிடுவது தமக்கு எளிய வழியாக இருந்திருக்கும் என்று சொல்லி, அதை மறுப்பதைத் தம் நேர்மைக்குச் சான்றாக வைத்தார். போர் தொடர்ந்தது, நிக்சன் ஆட்சியில் மொத்தம் இருபதாயிரத்துக்கும் அதிகமான அமெரிக்க வீரர்களும், அவர்களைவிடப் பன்மடங்கு வியட்நாமியரும் மாண்டனர். பழி போடாமல் இருப்பது எப்போதுமே அறமாகிவிடாது என்பதற்கு இதைவிடக் கசப்பான எடுத்துக்காட்டு தேவையில்லை. தவறான கொள்கையைத் தவறு என்று அறிவித்துக் கைவிட, அதைத் தொடங்கியவரைக் குறை சொல்லித்தான் ஆக வேண்டிய வேளைகள் உண்டு.

காலத் தாமதம் என்னும் வாதம்

பொருளியலாளர்களின் மறுப்பு இங்கிருந்து தொடங்குகிறது. அரசின் முடிவு ஒன்று, விளைவு இன்னொரு நாளில். வட்டி, வரி, கடன், கல்வி, அணைக்கட்டு என எதை எடுத்தாலும் பலன் தெரிய ஆண்டுகள் ஆகும். ஆகவே இன்றைய நிலவரத்துக்கு இன்றைய ஆட்சியை மட்டும் பொறுப்பாக்குவது கணக்குப்படி தவறு.

இதற்கு நேரடிச் சான்று பால் வோல்க்கரின் கதை. அவரை 1979 ஆகஸ்ட்டில் மத்திய வங்கித் தலைவராக்கியவர் ஜிம்மி கார்ட்டர். 1980இல் நுகர்வோர் விலைவாசி 13.5 விழுக்காடு உயர்ந்தது; வோல்க்கர் வட்டியைக் கடுமையாக ஏற்றினார்; கார்ட்டர் தோற்றார். ரொனால்டு ரீகன் பதவிக்கு வந்து, சீரழிந்த பொருளாதாரத்தைத் தாம் வாங்கிக்கொண்டதாகச் சொன்னார். வட்டி மருந்து வேலை செய்ததன் பக்கவிளைவாக 1982 இறுதியில் வேலையின்மை 10.8 விழுக்காட்டைத் தொட்டது. அந்த ஆண்டின் இடைக்காலத் தேர்தலில் அவரது கட்சி பிரதிநிதிகள் சபையில் 26 இடங்களை இழந்தது. 1983இல் விலைவாசி உயர்வு 3.2 விழுக்காட்டுக்கு இறங்கியது. 1984இல் ரீகன் 49 மாநிலங்களை வென்றார். நோய் கார்ட்டர் கணக்கில், மருத்துவர் நியமனமும் கார்ட்டர் கணக்கில், குணமானது ரீகன் கணக்கில். வோல்க்கருக்கு அரசியல் காவல் தந்ததும், 1983இல் மறுபடி அவரையே நியமித்ததும் ரீகனின் பங்கு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இரு ஆட்சிக்கும் பங்கு பிரிக்கும் துல்லியமான அளவுகோல் எவரிடமும் இல்லை.

2009 இன்னும் தெளிவானது. அரிதாகவே கிடைக்கும் தெளிவு. மந்தம் 2007 டிசம்பரில் தொடங்கியது என்பது தேசியப் பொருளியல் ஆய்வகத்தின் முடிவு. வங்கிகளை மீட்க 70,000 கோடி டாலர் ஒதுக்கிய சட்டத்தில் 2008 அக்டோபரில் ஒப்பமிட்டவர் இளைய புஷ். பராக் ஒபாமா பதவியேற்பதற்கு இரு வாரம் முன், 2009 ஜனவரியில், நாடாளுமன்ற வரவு செலவு அலுவலகம் அந்த நிதியாண்டின் பற்றாக்குறை 1.2 லட்சம் கோடி டாலராக இருக்கும் என்று மதிப்பிட்டிருந்தது. ஆண்டு முடிவில் அது ஏறத்தாழ 1.4 லட்சம் கோடியானது. முன்னவர் பங்குக்கும் பின்னவர் பங்குக்கும் நடுவே கட்சி சாராத ஓர் அலுவலகம் முன்கூட்டியே போட்டு வைத்த கோடு இது. பெரும் பகுதி சுமந்து வந்தது என்ற ஒபாமாவின் பேச்சுக்கு அது சான்று. முழுவதும் என்று சொன்னால் அதற்கு எதிர்ச்சான்று.

ஆனாலும் காலத் தாமத வாதத்துக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. எந்தத் தேதியில் அது காலாவதியாகிறது என்று அது சொல்வதில்லை. இரண்டாம் ஆண்டிலும் செல்லும், ஆறாம் ஆண்டிலும் செல்லும். முன்னவருக்கும் ஒரு முன்னவர் இருந்தார் என்று பின்னோக்கி நீண்டுகொண்டே போகவும் முடியும். 2001 மந்தம் மார்ச்சில் தொடங்கியதாக அதே ஆய்வகம் பின்னர் அறிவித்தது. ஜனவரி 20 அன்று பதவியேற்ற புஷ்ஷின் ஆதரவாளர்கள் அதைக் கிளின்டனின் மந்தம் என்றார்கள். எதிர்த்தரப்பு நாட்காட்டியைக் காட்டியது. இரு தரப்பும் ஒரே தேதியை வைத்துத்தான் வாதாடினார்கள்.

வாக்காளரின் கணக்கு

தாய் ஒரு வாக்காளரும்கூட. முன்னவர் பேச்சை வாக்காளர் எப்படி எடைபோடுகிறார் என்பது தனி ஆய்வுத்துறையாகவே வளர்ந்துள்ளது. வி. ஓ. கீ 1966இலும் மோரிஸ் ஃபியோரினா 1981இலும் வகுத்த கருத்தின்படி, வாக்காளர் வாக்குறுதிகளை நம்பி ஓடுவதைவிட நடந்த ஆட்சியைப் பார்த்துத் தண்டிக்கவோ வெகுமதி தரவோ செய்கிறார். அப்படியானால் முன்னவர் மேல் பழி போடுவது அந்தத் தண்டனையிலிருந்து தப்பும் முயற்சி. தாயின் சினம் நியாயம்.

பிங்ஹாம் பவலும் கை விட்டனும் 1993இல் ஒரு நிபந்தனையைச் சேர்த்தனர். யார் பொறுப்பு என்பது தெளிவாக இருக்கும் ஆட்சிமுறைகளில்தான் இந்தத் தண்டனை வேலை செய்கிறது; கூட்டணியும் இரு அவைகளும் அதிகாரத்தைச் சிதறடிக்கும் இடங்களில் அது மங்குகிறது. பழி போடும் தலைவர் உண்மையில் செய்வது இந்தத் தெளிவைக் கலைப்பதுதான்.

கிறிஸ்டோஃபர் ஏக்கனும் லாரி பார்ட்டல்ஸும் 2016இல் இன்னும் கடுமையாகப் பேசினர். வறட்சி, வெள்ளம் போன்ற, ஆள்பவர் கையில் இல்லாதவற்றுக்கும் மக்கள் அவரைத் தண்டிக்கிறார்கள் என்றார்கள். 1916இல் நியூ ஜெர்சிக் கடற்கரையில் சுறாக்கள் கடித்ததால் உட்ரோ வில்சன் அங்கே வாக்கு இழந்தார் என்ற அவர்கள் எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. ஆந்தனி ஃபவுலரும் ஆண்ட்ரூ ஹாலும் 2018இல் அந்தக் கணக்கை மறுபரிசோதித்து ஐயம் எழுப்பினர். சுறா வழக்கு இன்னும் முடியவில்லை. ஆலன் பிளைண்டரும் மார்க் வாட்சனும் 2016இல் வெளியிட்ட ஆய்வு வேறு பக்கத்திலிருந்து அதே இடத்துக்கு வந்தது. ஜனநாயகக் கட்சி அதிபர்கள் காலத்தில் வளர்ச்சி அதிகம் என்பது உண்மை. ஆனால் அந்த இடைவெளியின் பெரும் பகுதியை எண்ணெய் விலை, உற்பத்தித்திறன், உலகச் சூழல் ஆகியவையே விளக்குகின்றன என்றது அது. அதாவது முன்னவரையும் குறை சொல்ல முடியாது, பின்னவரையும் புகழ முடியாது. ஒரு பகுதி அதிர்ஷ்டம்.

வாக்காளர் முன்னவரை எளிதில் மறப்பதில்லை என்பதற்கும் சான்று உண்டு. 2012 ஜூனில் கேலப் கேட்டபோது பொருளாதாரச் சிக்கலுக்குப் புஷ்ஷுக்குக் கணிசமான பங்கு உண்டு என்றவர்கள் 68 விழுக்காடு; ஒபாமாவுக்கு உண்டு என்றவர்கள் 52. இரண்டையும் கூட்டினால் நூறைத் தாண்டும். பலர் இருவரையும் பொறுப்பாக்கினார்கள். அரசியல் மேடை ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. மக்கள் இருவரையும் தேர்ந்தெடுத்தார்கள். ஆயினும் 2010 இடைக்காலத் தேர்தலில் ஒபாமா கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களை இழந்தது. முன்னவரே காரணம் என்பதை மக்கள் நம்பினாலும், அதற்காகப் பின்னவருக்கு வாக்களித்தாக வேண்டும் என்று கருதுவதில்லை போலும்.

கட்சிப் பற்று இந்த எடைபோடலைத் திருப்பிவிடுகிறது. கத்ரீனா புயல் பற்றி நீல் மல்ஹோத்ராவும் அலெக்சாண்டர் குவோவும் 2008இல் வெளியிட்ட பரிசோதனையில், அதிகாரிகளின் கட்சியைச் சொன்னால் மக்கள் மாற்றுக்கட்சிக்காரரைக் குற்றம் சாட்டினர். அவர்களுடைய பதவியையும் பணியையும் சேர்த்துச் சொன்னபோது தீர்ப்பு ஓரளவு நேரானது. மல்ஹோத்ரா ஆண்ட்ரூ ஹீலியோடு சேர்ந்து அடுத்த ஆண்டு காட்டியது இன்னும் மனத்தைத் தைப்பது: பேரிடருக்குப் பின் நிவாரணம் தரும் ஆட்சிக்கு வாக்காளர் நன்றி காட்டுகிறார், முன்னேற்பாட்டுக்குச் செலவிட்ட ஆட்சிக்குக் காட்டுவதில்லை. பின்னவருக்கு நல்ல நாட்டை விட்டுச் செல்பவருக்கு வாக்கு இல்லை என்றால், ஒவ்வொருவரும் குறை சொல்லத்தக்க ஒன்றையே விட்டுச் செல்வதில் வியப்பில்லை.

பழி தவிர்ப்பு என்ற கைவேலை

கென்ட் வீவர் 1986இல் எழுதிய கட்டுரை நிர்வாகவியலின் அணுகுமுறையைத் தொடங்கி வைத்தது. நன்மையைவிடக் கேட்டை மக்கள் நீண்ட நாள் நினைவில் வைப்பதால், அரசியல்வாதிக்குப் புகழ் தேடுவதைவிடப் பழி தவிர்ப்பதே முதல் வேலையாகிறது என்பது அவர் கருத்து. கிறிஸ்டோஃபர் ஹூட் 2011இல் அதன் உத்திகளை வகைப்படுத்தினார். பேச்சால் திசைதிருப்புவது ஒன்று, பொறுப்பை வேறு அமைப்புக்குக் கைமாற்றுவது ஒன்று, பழி வராத கொள்கையையே தேர்ந்தெடுப்பது ஒன்று. முன்னவரைக் கைகாட்டுவது முதல் வகையைச் சேரும். மூன்றிலும் மலிவானது அதுவே.

இந்த அணுகுமுறை பழியின் உண்மை பொய்யைப் பற்றிக் கவலைப்படுவதில்லை என்பது அதன் குறை. ஆனால் பயனுள்ள ஒரு சோதனையை அது தருகிறது: குறை சொல்பவர் நன்மைக்கும் அதே காலக்கணக்கைப் பயன்படுத்துகிறாரா? 2024 ஜனவரியில், பைடன் அதிபராக இருந்தபோது ஏறிய பங்குச்சந்தையைத் தாம் வெல்லப்போகிறோம் என்ற எதிர்பார்ப்பே ஏற்றியதாக டொனால்டு ட்ரம்ப் உரிமை கொண்டாடினார். 2025 முதல் காலாண்டில் பொருளாதாரம் சுருங்கியதாகப் புள்ளிவிவரம் வந்த ஏப்ரல் 30 அன்று, தாம் பதவியில் இருந்தபோதே, சந்தையின் சரிவு பைடனுடையது என்றார். ஏற்றம் வருமுன்பே தமது, இறக்கம் வந்தபின்பும் முன்னவருடையது. ட்ரம்ப் இதை மறைக்காமல் செய்ததால் எளிதில் தெரிகிறது; நாகரிகமான சொற்களில் இதையே செய்யாத அதிபரைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்.

காபூல்: இரு பழியும் உண்மையாகும்போது

2021 ஆகஸ்ட்டில் ஆப்கானிஸ்தானிலிருந்து அமெரிக்கா வெளியேறியது இந்த விவாதத்தின் எல்லா இழைகளையும் ஒரே இடத்தில் முடிச்சிடுகிறது. 2021 மே 1க்குள் படை முழுதும் வெளியேறும் என்று தாலிபானுடன் 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் ஒப்பந்தம் செய்தது ட்ரம்ப் ஆட்சி. ஜோ பைடன் பதவியேற்றபோது அங்கே எஞ்சியிருந்தோர் சுமார் 2,500 பேர். ஒப்பந்தத்தைக் கைவிடாமல் நாளை மட்டும் தள்ளிப்போட்டது பைடன் ஆட்சி. காபூல் வீழ்ந்ததும் விமான நிலையத்தில் நடந்த வெளியேற்றமும் அதன் கண்காணிப்பில். ஆகஸ்ட் 26 அன்று விமான நிலைய வாயிலில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் அமெரிக்கப் படையினர் 13 பேரும் சுமார் 170 ஆப்கானியரும் இறந்தனர்.

2023 ஏப்ரலில் வெள்ளை மாளிகை வெளியிட்ட சுருக்க அறிக்கை, பைடனின் தெரிவுகளை முன்னவர் உருவாக்கிய நிலைமை கடுமையாகக் கட்டுப்படுத்தியது என்றது. அதே ஆண்டில், காபூலில் இறந்த வீரர்களின் பெற்றோர் சிலர் நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன் பேசினர். அவர்கள் கேட்டது கொள்கை வரலாறு பற்றியதன்று. அந்த வாயிலில் அந்த நாளில் என்ன நடந்தது, யார் உத்தரவிட்டார்கள் என்பது. தோஹா ஒப்பந்தத்தைப் பற்றி அறிக்கை சொன்னது பெரும்பாலும் சரியே. ஆனால் அது கேட்கப்பட்ட கேள்விக்கு விடை அன்று. வெளியேற்றம் ஏன் வந்தது என்பதற்கு முன்னவர் காரணம். எப்படி நடத்தப்பட்டது என்பதற்குப் பின்னவர் பொறுப்பு. தாயின் கண்டனம் மிக வலுவாக நிற்கும் இடம் இந்த இரண்டாவது பாதி. முதல் பாதியையும் அவள் சாக்கு என்று ஒதுக்கினால் வாதம் தளர்கிறது. எதிர்க்கட்சிகள் அந்தப் பெற்றோரின் துயரை முதல் பாதியை மறைக்கப் பயன்படுத்தியதும் நடந்தது.

கணக்கைச் சரிபார்ப்பவர் யார்

பழியைத் தடுக்க முடியாது, சரிபார்க்கலாம் என்ற எண்ணத்தில் பல நாடுகள் அமைப்புகளை உருவாக்கியுள்ளன. ஆஸ்திரேலியாவில் 1996இல் ஆட்சிக்கு வந்த ஜான் ஹோவர்டு அரசு, முந்தைய அரசு பற்றாக்குறையை மறைத்ததாகக் குற்றம் சாட்டியது; அந்தத் தகராறின் விளைவாக வந்த 1998 சட்டப்படி, ஒவ்வொரு தேர்தலுக்கும் முன் நிதித்துறைச் செயலர்களே நிலவரத்தை வெளியிட வேண்டும். பிரிட்டனில் 2010இல் பதவி விலகிய கருவூலத் துணை அமைச்சர் லியாம் பிர்ன், பணம் ஏதும் மிச்சமில்லை என்று அடுத்தவருக்கு எழுதி வைத்த வேடிக்கைக் குறிப்பைப் பழைமைக் கட்சியினர் ஐந்தாண்டு மேடையில் ஆட்டிக் காட்டினர். அதே 2010இல் தொடங்கப்பட்ட சுயேச்சையான வரவு செலவுப் பொறுப்பு அலுவலகம், 2024இல் வேறொரு வழக்கைத் தீர்க்க வேண்டி வந்தது. முன்னவர்கள் 2,200 கோடி பவுண்டு பள்ளத்தை விட்டுச் சென்றதாகப் புதிய ஆட்சியின் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் சொன்னார். தம்மிடம் தெரிவிக்கப்படாதது 950 கோடி பவுண்டுச் சுமை என்றது அலுவலகம். இரு கட்சியும் அந்த எண்ணைத் தத்தம் வெற்றியாக அறிவித்தன.

இந்தியாவில் இதற்கு வெள்ளை அறிக்கை என்று பெயர். தமிழ்நாட்டில் 2001இல் அ.தி.மு.க. அரசும், 2021 ஆகஸ்ட் 9 அன்று தி.மு.க. அரசின் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜனும் அத்தகைய அறிக்கைகளை வெளியிட்டனர். இரண்டாவது, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் அரசுக் கடன் இருப்பதாகக் கணக்கிட்டது. 2024 பிப்ரவரி 8 அன்று ஒன்றிய அரசு வெள்ளை அறிக்கை வைத்த அதே நாளில் காங்கிரஸ் கறுப்பு அறிக்கை வைத்தது. ஆட்சிக்கு வந்தவரே எழுதும் அறிக்கைக்கும் சுயேச்சை அலுவலகம் போடும் கணக்குக்கும் இருக்கும் தொலைவை அந்த நாள் காட்டியது.

உண்மையான பழிக்கும் விலை உண்டு. 2009 அக்டோபரில் கிரேக்கத்தின் புதிய அரசு, முன்னவர் சொன்னதைவிடப் பற்றாக்குறை இருமடங்குக்கும் மேல், நாட்டு உற்பத்தியில் 12 விழுக்காட்டைத் தாண்டும் என்று வெளியிட்டது. பின்னர் வந்த திருத்தம் அதைவிட அதிகம் என்றது. சொன்னது உண்மை. அதன்பின் கடன் சந்தை கதவடைத்ததில் நாடே தத்தளித்தது.

அமெரிக்காவில் ஆட்சிகளைத் தாண்டிப் பார்க்கும் வேறொரு முறை, சிறப்பு ஆணையம். 2001 செப்டம்பர் தாக்குதலில் கணவரை இழந்த நியூ ஜெர்சிப் பெண்கள் நால்வர் முன்னின்று வற்புறுத்தியதால் 2002இல் அமைந்த ஆணையத்தில் இரு கட்சிக்கும் ஐவர் ஐவராக இடம். 2004 அறிக்கை கிளின்டன், புஷ் ஆட்சிகள் இரண்டையும் ஆராய்ந்தது. தனி ஆள் எவரையும் குற்றவாளியாக்காததால் அது கருத்தொற்றுமை பெற்றது. அதனாலேயே சில குடும்பங்களை ஏமாற்றவும் செய்தது. 2021 டிசம்பரில் சட்டமான ஆப்கானிஸ்தான் போர் ஆணையத்தின் வரையறை, புஷ் முதல் பைடன் வரை நான்கு ஆட்சிகளையும் உள்ளடக்குகிறது.

தீராதவை

மேலே கண்ட நிலைப்பாடுகளில் எதுவும் மற்றவற்றை முழுதும் வெல்லவில்லை. தொடக்க மாதங்களில், சுயேச்சையான கணக்கோடு, ஒருமுறை சொல்லப்படும் பழி பயனுள்ள தகவல் என்பதில் பெரும்பாலோர் உடன்படக்கூடும். அந்தத் தொடக்கம் எவ்வளவு நீளம் என்பதில் உடன்பாடு இல்லை. வட்டிக் கொள்கைக்கு ஒன்றிரண்டு ஆண்டு போதும் என்பவர்கள்கூடப் போருக்கும் பருவநிலைக்கும் அதே அளவுகோலை நீட்டத் தயங்குவார்கள். பொறுப்பேற்கும் தலைவருக்கு வாக்கு கூடுமா என்பதற்குக் கென்னடியின் ஒற்றை எண்ணைத் தாண்டிய உறுதியான சான்று மெலிதே.

தாயின் கண்டனம் எந்த அளவு நடத்தையை மாற்றுகிறது என்பது இவற்றிலெல்லாம் குறைவாக ஆராயப்பட்ட பகுதி. அதன் தடங்கள் ஆணையங்களிலும் விசாரணை அவைகளிலும் இருக்கின்றன. தேர்தல் முடிவுகளில் அவற்றைத் தனித்துக் காண்பது கடினம். தான் ஆதரித்த கட்சி ஆட்சிக்கு வந்தபின்னும் அதே கண்டனத்தை அதே சுருதியில் தொடர்ந்தவர்களை மட்டும் எடுத்து ஆராய்ந்தால் ஓரளவு விடை கிடைக்கலாம். அத்தகையோர் தொகையில் சிறியவர்கள் என்பதுதான் அந்த ஆய்வின் முதல் இடையூறு.